கப்பல் டைவில் நரம்பும் வலையும்: எவ்வளவு பெரிய கத்தி வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: ஓப்பன் வாட்டர் என்கிற அடிப்படை ஸ்கூபா பயிற்சி முடிந்து இருபது டைவ் ஆகிவிட்டது. அடுத்து மூழ்கிய கப்பல்களைப் பார்க்க ஆசை. அங்கே தூண்டில் நரம்பும் பழைய வலையும் கிடக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். எவ்வளவு பெரிய கத்தி வாங்குவது, காலில் கட்டுவதா இடுப்பில் கட்டுவதா?

பெரிய கத்தி வேண்டாம். வெட்டுவதற்குச் சிறியதாக இரண்டு கருவிகள் போதும். இரண்டும் வெவ்வேறு வகையாக இருக்கட்டும், எந்தக் கையாலும் எட்டட்டும். அதை வாங்குவதற்கு முன்னால் உங்கள் உடம்பில் தொங்குகிறதையெல்லாம் கழற்றுங்கள், அல்லது உடம்போடு ஒட்டிக் கட்டுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

எனக்கு முதல் தடவை சிக்கியபோது என்னிடம் கத்தி இருந்தது. வலது கெண்டைக்காலின் வெளிப்பக்கம், ஒரு சாண் நீளத்தில், பார்க்க நல்ல கம்பீரம். 18 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலின் பக்கவாட்டுக் கம்பியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி நின்றுவிட்டேன். கூடுதலாக இரண்டு உதை கொடுத்தேன், நகரவில்லை. என்னவென்று பார்க்க உடம்பைத் திருப்பினேன். தப்பு அங்கேதான். அதுவரை சிலிண்டர் வால்வில் மட்டும் மாட்டியிருந்த நரம்பு, நான் திரும்பிய திருப்பில் தோளைச் சுற்றி இறங்கி வலது காலின் ஃபின் (நீந்தும் துடுப்பு) பக்கிளிலும் மாட்டிக்கொண்டது. கத்தியை எடுக்கக் காலை மடக்கினால் நரம்பு வேறெங்கோ இழுத்தது, கையை நீட்டினால் ஒரு அடி எட்டவில்லை. கூட்டாளி வந்து கத்தரியால் மூன்று இடத்தில் நறுக்கினார். மொத்தமே நான்கு நிமிடம் இருக்கும். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜைப் பார்த்தால் 40 பார் (காற்றழுத்த அலகு) போயிருந்தது.

அந்த 40 பாரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நரம்பு யாரையும் நேரடியாகக் கொல்வதில்லை. அது ஆளை நிறுத்தி வைக்கிறது, அதற்குள் காற்று தீர்ந்துபோகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் மிச்சம் என்றால் 600 லிட்டர் காற்று. 20 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுகிறவர் அங்கே 60 லிட்டர் செலவழிப்பார், அவருக்கு 10 நிமிடம் வரும். பதறிப்போனவரின் மூச்சு நிமிடத்துக்கு 50 லிட்டர் வரை எகிறலாம். அந்த ஆழத்தில் அது 150, ஆக 4 நிமிடம். மேலே ஏறுவதற்கும் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதற்கும் ஆகும் காற்றைக் கழித்தால் சிக்கை அவிழ்க்க மிஞ்சுவது சுமார் ஒரு நிமிடம். இப்போது ஒரு நரம்பைத் தடவித் தடவித் தேடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கப்பல் டைவ்களில் கூடுதல் காற்றோடு திரும்பச் சொல்வது இதனால்தான். எல்லாரும் 50 பாரோடு படகுக்கு வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், நான் 80 பார் மிச்சம் இருக்கும்போதே கடலடியை விட்டுக் கிளம்பிவிடுவேன்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். 1992 முதல் 2003 வரை நடந்த 947 டைவிங் மரணங்களை அலசிய ஓர் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆய்வாளர்கள் செய்தது. தொடக்கக் காரணம் கண்டுபிடிக்க முடிந்த சம்பவங்களில் காற்று தீர்ந்தது 41 சதவீதம், எங்காவது சிக்கியோ அடைபட்டோ போனது 20 சதவீதம், கருவிக் கோளாறு 15 சதவீதம். கருவி பழுதாகிவிடுமோ என்று எல்லாரும் கவலைப்படுகிறோம், அதைவிடச் சிக்கிக்கொள்வது முன்னால் நிற்கிறது.

சரி, கீழே கிடப்பது என்ன? எல்லாவற்றையும் ‘கயிறு’ என்று ஒரே பெயரில் போட்டுவிட்டால் எதை எப்படி வெட்டுவது என்று தெரியாது. சாதாரணத் தூண்டில் நரம்பு, தங்கூசி என்பார்களே, அது நைலான். தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் மூழ்கி, கப்பலின் மேல் சிலந்திவலை மாதிரி படிந்து கிடக்கும். ஃப்ளோரோகார்பன் நரம்பு இன்னும் மோசம். ஒளியை வளைப்பதில் அது தண்ணீருக்குக் கிட்டத்தட்ட நெருங்கி வருவதால் மீனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் சில நேரம் ஒரு மினுக்கல் தெரியும், அவ்வளவுதான். பாலிப்ரொப்பிலின் கயிறு இதற்கு நேர் எதிர். தண்ணீரைவிட லேசு. ஒரு முனை கப்பலில் மாட்டிக்கொண்டால் மீதி வளையம் வளையமாக மேலே எழும்பி நிற்கும். தரையை மட்டும் பார்த்துக்கொண்டு நீந்துகிறவரின் சிலிண்டர் வால்வுக்கென்றே செய்து வைத்த கண்ணி அது.

இப்போது அதிகம் புழங்குவது பின்னல் நரம்பு. மிக மெல்லியது, வழுவழுப்பானது, அதன் பருமனுக்குப் பலம் அசாத்தியம். மழுங்கிய கத்தியை இதன்மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். கத்தியோடு போய் ஏமாந்தவர்களில் பாதிப் பேர் இதில்தான் ஏமாந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அடுத்தது மீனவர்கள் விட்டுப்போன வலை, பேய் வலை. ஒரு கண்ணியில் பட்டன் மாட்டும், அதை விடுவிக்கிற கையின் வாட்ச் பக்கத்துக் கண்ணியில் மாட்டும். நீரோட்டம் இருக்கும்போது வலைக்கு முன்பக்கம் போனால் நீரோட்டம் உங்களை அதன்மேல் தள்ளும். பின்பக்கம் போனால் வலையின் தளர்ந்த ஓரம் உங்களை நோக்கி அலையும். ஆகவே பக்கவாட்டில், நல்ல இடைவெளி விட்டுப் போங்கள். வலையை எடுத்துச் சுத்தம் செய்யலாம் என்ற நல்லெண்ணம் வேண்டவே வேண்டாம், அது தனிப் பயிற்சி பெற்ற குழுக்களின் வேலை.

அடுத்து உங்கள் உடம்பு. ஒரு நாள் எல்லாக் கருவியையும் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். வீட்டில் ஒருவரை நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் மேல் தலையிலிருந்து கால்வரை மெல்ல இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கெல்லாம் நூல் நிற்கிறதோ அங்கெல்லாம் நரம்பும் நிற்கும். நான் செய்து பார்த்தபோது பதினொரு இடம். மாஸ்க் பட்டையின் நீட்டிக்கொண்டிருந்த நுனி, ஸ்நோர்கெல் (மேற்பரப்பில் மூச்சுவிடும் குழல்), இடுப்புக்குக் கீழே ஆடிய கேஜ், கொக்கியிலிருந்து நழுவிய ஆக்டோபஸ் (உபரி மூச்சுக் கருவி), கத்தி உறையே, அப்புறம் இரண்டு ஃபின்னிலும் பக்கிளும் பட்டையின் வாலும்.

இதில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யக் காசு செலவில்லை. ஸ்நோர்கெலைக் கப்பல் டைவில் கழற்றிவிடலாம், மடிக்கிற வகை என்றால் பையில் போடலாம். ஃபின் பட்டையின் வால் வெளியே பார்க்காமல் உட்பக்கமாக இருக்கும்படி மாற்றிக் கோக்கலாம். முடிந்தால் ரப்பர் பட்டையையே தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பிரிங் பட்டைக்கு மாறுங்கள். வாலும் இல்லை, இறுக்கித் தளர்த்தும் பக்கிளும் இல்லை, போட்டுக் கழற்றுவதும் சுலபம். நான் வாங்கிய உபரிச் சாமான்களில் உருப்படியானது என்று யாராவது கேட்டால் கத்தியைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

கொக்கிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் காரபைனர் மாதிரி, அழுத்தினால் வாய் உள்பக்கம் திறக்கும் கொக்கிகளை டைவர்கள் ‘சூசைட் கிளிப்’ என்பார்கள். காரணம் எளிது. வெளியிலிருந்து எந்தக் கயிறு அழுத்தினாலும் வாய் தானே திறந்து விழுங்கிக்கொள்ளும், வெளியே விடாது. இதற்குப் பதில் போல்ட் ஸ்னாப், அதாவது கட்டை விரலால் ஒரு குமிழைக் கீழே இழுத்தால் மட்டும் திறக்கிற வகை. அதையும் கருவியோடு இரும்பு வளையத்தால் இணைக்காமல் மெல்லிய கயிற்றால் கட்டுங்கள். கொக்கி திறக்காமல் போனால் கயிற்றை அறுத்துவிடலாம், இரும்பை அறுக்க முடியாது.

இந்தச் சிக்கன வழக்கமெல்லாம் பெரும்பாலும் ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளிலிருந்து வந்தது. அங்கே டைவ் செய்த வில்லியம் ஹோகார்த் மெயின் என்பவரின் பெயரால் இன்றும் ‘ஹோகார்த்தியன்’ என்று ஒரு கருவி அமைப்பு முறை வழங்குகிறது. தேவையில்லாததைக் கொண்டுவராதே, கொண்டுவந்ததைத் தொங்கவிடாதே என்பதுதான் அதன் சாரம். குகைக்குப் போகாதவருக்கும் அது பொருந்தும். ஆனால் என்ன செய்தாலும் தலைக்குப் பின்னால் இருக்கிற வால்வையும், அதில் மாட்டும் ரெகுலேட்டரின் (மூச்சுக் கருவி) முதல் கட்டத்தையும் ஒளித்துவைக்க முடியாது. எனவே கயிறோ கேபிளோ குறுக்கே தெரிந்தால் அதன் அடியில் நுழையாதீர்கள். மேலே தாண்டுங்கள், அல்லது சுற்றிப் போங்கள்.

இனி வெட்டும் கருவி. வாங்கியதும் கடலுக்குக் கொண்டுபோகாமல் வாளித் தண்ணீரில் சோதியுங்கள். ஒரு துண்டு நைலான் நரம்பு, ஒரு துண்டு பின்னல் நரம்பு, சுண்டுவிரல் பருமனில் ஒரு கயிறு, மூன்றும் போதும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் வெட்டிப் பாருங்கள். முதலில் தெரிய வருவது இது: இழுத்துக் கட்டிய நரம்பு தொட்டதும் அறுந்துவிடும், தளர்ந்து கிடக்கிற நரம்பு கத்தியோடு கூடவே நகர்ந்து போகும். கத்தியின் பெரிய பலவீனம் இது. மறு கையால் நரம்பை இறுக்கிப் பிடித்தால்தான் அது வேலை செய்யும். அந்த மறு கைதான் சிக்கியிருக்கிறது என்றால்?

அதனால்தான் என் முதல் தேர்வு கத்தரி. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அடிபட்டவரின் உடையை வெட்ட வைத்திருப்பார்களே, கீழ்த்தாடை மழுங்கி வளைந்திருக்கும், ட்ராமா ஷியர்ஸ், அதுதான். இரண்டு தாடைக்கு நடுவில் நரம்பு ஓட வழியில்லை, தளர்ந்திருந்தாலும் நறுக்கும். பின்னல் நரம்பு, வலை, பி.சி.டி. (சிலிண்டரைத் தாங்கும், காற்று ஊதும் மிதப்புச் சட்டை) பட்டை எல்லாவற்றையும் வெட்டும். மழுங்கிய தாடையை உடம்புக்கும் நரம்புக்கும் நடுவில் நுழைத்தால் வெட்சூட் (ரப்பர் டைவ் உடை) கிழியாது. நல்ல கத்தரி என்றால் மெல்லிய எஃகு நரம்பைக்கூட நறுக்கிவிடும். குறை என்னவென்றால் தடித்த கயிற்றில் திணறும், நடு ஆணியில் துரு பிடிக்கும். விலை குறைவு என்பதால் துருப்பிடித்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்.

இரண்டாவதாக ஒரு லைன் கட்டர். கொக்கி மாதிரி வளைந்த பிளாஸ்டிக் அல்லது உலோகச் சட்டத்துக்குள் பிளேடு ஒளிந்திருக்கும், விரல் உள்ளே போகாது, நரம்பு மட்டும் போகும். மாட்டி இழுத்தால் இழுக்கிற இழுப்பிலேயே நரம்பு இறுகி அறுபடும். உள்ளங்கையைவிடச் சிறியது, மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரின் பட்டையிலேயே கோத்துக்கொள்ளலாம். தடித்த கயிறு அதன் வாய்க்குள் நுழையாது.

கத்தி வேண்டவே வேண்டாமா? தடித்த கயிற்றுக்கு இன்னும் அதுதான் சரி. பல் வைத்த விளிம்பு ரம்பம் மாதிரி அறுக்கும். வாங்கினால் விரல் நீளப் பிளேடு, பாதி பல், பாதி வழுவழுப்பு, முனை மழுங்கல். கூர் முனையால் பதற்றத்தில் பி.சி.டி.யையோ, தண்ணீர் புகாத உடையான ட்ரைசூட்டையோ குத்தியவர்கள் உண்டு. உறையிலிருந்து ஒரு கையால் எடுக்கவும் ஒரு கையால் திருப்பி வைக்கவும் வர வேண்டும். மடக்குக் கத்தி எனக்குப் பிடிக்காது, மணல் புகுந்த மூட்டைத் தடித்த கையுறையோடு திறந்து பாருங்கள், ஏன் என்று தெரியும். டைட்டானியம் துருப்பிடிக்காது, ஆனால் கூர் சீக்கிரம் போகும். எஃகு கூரை வைத்துக்கொள்ளும், கழுவாவிட்டால் துரு. தேர்வு உங்கள் சோம்பேறித்தனத்தைப் பொறுத்தது.

கட்டும் இடம்: ஒன்று மார்புக்கு நேரே பி.சி.டி. தோள்பட்டையில், இன்னொன்று இடுப்பு பெல்டில் பக்கிளுக்குப் பக்கத்தில். அல்லது ஒன்று மணிக்கட்டில். வலது கை மட்டும், பிறகு இடது கை மட்டும் என்று இரண்டையும் எடுத்துப் பாருங்கள். எட்டாத இடம் என்றால் இடத்தை மாற்றுங்கள். காலில் கட்டியே தீருவேன் என்றால் உட்பக்கம் கட்டுங்கள், வெளிப்பக்கம் அதுவே கொக்கியாகிவிடும். சில கடல் பூங்காக்களில் கத்திக்குத் தடை உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

சிக்கிவிட்டீர்கள். என்ன செய்வது? நில்லுங்கள், உதைக்காதீர்கள், திரும்பாதீர்கள். ஒரு முழு மூச்சு உள்ளே, மெதுவாக வெளியே. கேஜைப் பாருங்கள். டார்ச்சை ஆட்டியோ சிலிண்டரைத் தட்டியோ கூட்டாளியைக் கூப்பிடுங்கள். இதற்கென்று ஒரு சைகையைப் படகிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு வந்த வழியே ஒரு முழம் பின்னால் நகருங்கள். மாட்டியிருப்பது ஒரே இடம் என்றால் பல நேரம் இதிலேயே கழன்றுவிடும். கூட்டாளி வந்தால் அவருக்குத்தான் உங்கள் முதுகு தெரியும். அவர் வேலை செய்யட்டும், நீங்கள் அசையாமல் மிதப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் சிக்காமல் இருக்க வேண்டும் என்பதால் ஒரு பக்கமாக நின்று வேலை செய்வார். அவசரப்படுத்தாதீர்கள்.

வெட்டும் முன் தொட்டுப் பார்த்து அது நரம்புதான், ரெகுலேட்டர் குழாய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கலங்கலான தண்ணீரில் கையுறையோடு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். உடம்புக்கு அருகிலேயே வெட்டுங்கள், இரண்டு முழம் வால் விட்டு வெட்டினால் அது அடுத்த கம்பியில் சிக்கும். வெட்டிய துண்டைச் சுருட்டிப் பையில் போடுங்கள்.

தனியாக மாட்டி, முதுகில் கை எட்டவில்லை என்றால் கடைசி வழி பி.சி.டி.யைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து பார்ப்பது. ரெகுலேட்டர் குழாய் வலது தோள் மேல் வருவதால் இடது கையை முதலில் வெளியே எடுக்க வேண்டும், வாயிலிருந்து ரெகுலேட்டர் போகக் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூழ்குவதற்காக வைத்திருக்கும் ஈயக் கட்டிகள் பி.சி.டி.யின் பைக்குள் இருந்தால், அதைக் கழற்றிய கணமே பி.சி.டி. கீழே போகப் பார்க்கும், வெட்சூட் போட்ட நீங்கள் மேலே போகப் பார்ப்பீர்கள். இரண்டையும் இணைப்பது உங்கள் பல்லில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் மட்டும். எனவே ஒரு கை பி.சி.டி.யை விடவே கூடாது. கொஞ்சம் ஈயத்தை இடுப்பு பெல்டிலும் பிரித்து வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. நீச்சல் குளத்தில் பயிற்றுநரோடு நாலைந்து தடவை செய்து பார்க்காமல் கடலில் முயலாதீர்கள்.

யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் உங்கள் சொந்தக் கயிறு. மேலே வருமுன் படகுக்கு அடையாளம் காட்ட ஒரு மிதவையை ஊதி அனுப்புவோமே, அதன் நூல். பல மிதவைகள் 10 கிலோவுக்கு மேல் தூக்கும். ஊதுகிற நேரத்தில் நூல் விரலிலோ கொக்கியிலோ சுற்றினால் மிதவையோடு நீங்களும் மேலே போவீர்கள், பாதுகாப்பாக ஏற வேண்டிய நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற வேகமெல்லாம் பறந்துவிடும். ஊதும்போது நூல் சுற்றிய ரீலை உடம்பில் மாட்டாதீர்கள், கையில் பிடியுங்கள், இழுத்தால் விட்டுவிடுங்கள். தொலைந்தால் இன்னொரு ரீல் வாங்கிக்கொள்ளலாம். கைப்பிடியும் பூட்டும் உள்ள பெரிய ரீலைவிட வெறும் உருளையான ஃபிங்கர் ஸ்பூல் எனக்கு நிம்மதி, நூல் குழம்ப அதில் இடம் குறைவு.

கெல்ப் (உயரமாக வளரும் கடற்பாசி) காடு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தண்டை இழுத்தால் ரப்பராக நீளும், இரண்டு கையால் சட்டென்று மடித்தால் கேரட் மாதிரி முறியும். கத்தியே தேவையில்லை. குகைக்குள் நிலைமை வேறு, அங்கே உங்களைச் சிக்க வைத்திருக்கும் வழிக்கயிறுதான் வெளியே போகிற வழி. அதை அறுக்க நேர்ந்தால் வெளிவாசல் பக்கத்து முனையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அறுக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் குகைக்குள்ளும் போகாதீர்கள், கப்பலின் உள்ளறைகளுக்கும் போகாதீர்கள். உள்ளே கூரை இடிந்து தொங்கும் மின் கேபிள்களை நீங்கள் வாங்கப்போகும் எந்தக் கருவியும் அறுக்காது.

டைவ் முடிந்ததும் கத்தரியையும் கட்டரையும் உறையிலிருந்து எடுத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். உறைக்குள்ளேயே காய விட்டால் உப்பு தங்கிவிடும். கத்தரி ஆணியில் ஒரு சொட்டு சிலிக்கோன் கிரீஸ். லைன் கட்டர் பிளேடில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அடுத்த டைவுக்கு முன்னால் ஒரு துண்டு பின்னல் நரம்பை வெட்டிப் பாருங்கள், ஒரே வெட்டில் போகவில்லை என்றால் அதைக் கட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.